கிண்டியில் இறங்கணும்: ‘கெட் ஆஃப்’ எப்படிச் சொல்வது?

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் மாலை ஆறரை மணிக்கு மாம்பலத்தில் ஏறியிருக்கிறீர்களா? கையை மேலே தூக்கினால் திரும்ப இறக்க இடம் இருக்காது. சைதாப்பேட்டை தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு விரல் தோளைத் தொடும். “சார், கிண்டி இறங்குறீங்களா?” ஆமாம் என்று தலையசைத்தால் தொட்டவர் நம் முதுகுக்குப் பின்னால் வரிசை பிடித்துக்கொள்வார். இல்லை என்றால் நாம்தான் உடம்பைக் குறுக்கி அவருக்கு வழி விட வேண்டும். அந்தச் சின்னக் கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் வளரும் பேரனோடு பேச ஆசைப்படும் ஒரு பாட்டி. போன மாதம் இரண்டாம் மாடிப் பெண் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். கிண்டியில் வேலை அவளுக்கு. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒருவருக்கு ஃபோனில் வழி சொல்லியிருக்கிறாள்: ‘கெட் டவுன் அட் கிண்டி.’ அவர் ஒரு நொடி தயங்கி, ‘யூ மீன், கெட் ஆஃப் அட் கிண்டி?’ என்று கேட்டாராம்.

“அங்கிள், நான் சொன்னது தப்பா? சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்?”

தப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழில் ‘இறங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே கீழே வருவது அடங்கியிருக்கிறது. மரத்திலிருந்து இறங்கு, மாடியிலிருந்து இறங்கு, பஸ்ஸிலிருந்து இறங்கு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஆங்கிலம் பேசும்போதும் மனசு தானாக ‘டவுன்’ என்பதைத் தேடிப் போகிறது. இங்கிலாந்திலேயே குதிரை வண்டிக் காலத்தில் வண்டியை விட்டு இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வழக்கு அங்கே தேய்ந்துபோனது, இந்திய ஆங்கிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்னையில் யாரிடம் சொன்னாலும் புரியும். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புழங்குவது ‘கெட் ஆஃப்’. ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுகளிலும், நேர்காணலிலும், வெளிநாட்டுக்காரரோடு பேசும்போதும் இதைச் சொல்வதுதான் நல்லது.

‘கெட்’ என்றால் என்ன, ‘ஆஃப்’ என்றால் என்ன என்று அகராதியில் தனித்தனியாகத் தேடினால் ‘இறங்கு’ என்ற பொருள் கிடைக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வரும். இப்படி ஒரு வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பப் பழகிய விஷயம். ‘கண்டுபிடி’ என்கிறோமே, அதில் காண்பதும் பிடிப்பதும் இருக்கின்றன. ஆனால் “யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சேன்” என்றால் யாரும் யாரையும் கையால் பிடித்ததாக அர்த்தம் இல்லை. ‘கைவிடு’ என்பதையும் ‘ஒத்திப்போடு’ என்பதையும் பிரித்துப் பாருங்கள், இதே கதைதான். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஈடான ‘ஃபைண்ட் அவுட்’, ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’ மூன்றுமே ஃப்ரேசல் வெர்ப்கள். கைவிடுவதைக் குழந்தையிலேயே கற்றுக்கொண்ட நமக்கு ‘கிவ் அப்’ எட்டாத ஒன்றில்லை.

சரி, இந்த ‘ஆஃப்’ என்ன வேலை செய்கிறது? அதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல சொல் இருக்கிறது: ‘விட்டு’. “பஸ்ஸை விட்டு இறங்கினான்” என்று நாமே சொல்கிறோம் இல்லையா? அந்த ‘விட்டு’தான் ‘ஆஃப்’. தொட்டுக்கொண்டோ மேலே நின்றுகொண்டோ இருந்த ஒன்றை விட்டு விலகுவது. மேசையை விட்டுக் கையை எடு என்பதற்கு ‘டேக் யுவர் ஹாண்ட்ஸ் ஆஃப் தி டேபிள்’. மேடையை விட்டு இறங்கினார் என்பதற்கு ‘ஹி காட் ஆஃப் தி ஸ்டேஜ்’. பஸ்ஸைப் பொறுத்தவரை தமிழ் ‘கீழே’ என்பதைப் பார்க்கிறது, ஆங்கிலம் ‘விட்டு’ என்பதைப் பார்க்கிறது. மொட்டைமாடியில் இதைச் சொன்னபோது அந்தப் பாட்டிதான் முதலில் பிடித்துக்கொண்டார். “அப்ப விட்டு வந்தா ஆஃப், அவ்வளவுதானே தம்பி?” என்றார். அவ்வளவுதான்.

இந்த ‘விட்டு’ மனதில் நின்றுவிட்டால் இன்னொரு பிழையும் தானாக விலகும். ‘பஸ்ஸிலிருந்து’ என்று யோசிப்பவர்கள் அந்த ‘இருந்து’வுக்காக ஒரு ‘ஃப்ரம்’ சேர்த்துவிடுகிறார்கள்: ‘ஐ காட் ஆஃப் ஃப்ரம் தி பஸ்.’ அந்த ‘ஃப்ரம்’ வேண்டாம். விலகுவதை ‘ஆஃப்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. ‘ஐ காட் ஆஃப் தி பஸ்’ என்பதே முழு வாக்கியம். பேச்சில் ‘ஐ காட் ஆஃப் ஆவ் தி பஸ்’ என்று சில அமெரிக்கர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். காதில் விழட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.

எழுத்தில் ஒரு விஷயம். இறங்குவதற்கான ‘ஆஃப்’ என்பதில் ஓ-வுக்குப் பிறகு இரண்டு எஃப். ஒரு எஃப் மட்டும் போட்டால் அது ‘உடைய’ என்ற பொருள் தரும் வேறு சொல். அதன் ஒலியும் வேறு, கடைசியில் ‘வ்’ வரும். தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘ஆஃப்’ என்றே எழுதிப் பழகியதால் கை தடுமாறுகிறது. நான் திருத்தும் நோட்டுகளில் அடிக்கடி சிவப்பு மை படுவது இங்கேதான்.

உச்சரிப்பில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. கண் + இமை என்பது கண்ணிமை ஆகிறது என்று பள்ளியில் படித்தோம். கெட் + ஆஃப் என்பதும் அப்படியே ஒட்டி ‘கெட்டாஃப்’ என்றுதான் வரும். நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்லாதீர்கள். அழுத்தம் ‘கெட்’டில் விழாமல் ‘ஆஃப்’பில் விழட்டும். பேசும்போது கவனமாகக் காதில் விழ வேண்டியது அந்த இரண்டாவது பாதிதான்.

இப்போது நம்மவர்களை நிஜமாகவே குழப்பும் இடத்துக்கு வருகிறேன். தமிழில் ஒரே ஓர் ‘இல்’ வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வந்துவிடலாம். பஸ்ஸில் ஏறினேன், ஆட்டோவில் ஏறினேன், கிண்டியில் இறங்கினேன். ஆங்கிலத்தில் இந்த மூன்று ‘இல்’லுக்கும் மூன்று வேறு சொற்கள். பஸ்ஸில் ஏறினேன் என்றால் ‘ஐ காட் ஆன் தி பஸ்’. ஆட்டோவில் ஏறினேன் என்றால் ‘ஐ காட் இன் அன் ஆட்டோ’. கிண்டியில் இறங்கினேன் என்றால் ‘ஐ காட் ஆஃப் அட் கிண்டி’. நிறுத்தம், ஸ்டேஷன் என்று ஒரு புள்ளியைச் சொல்லும்போது ‘அட்’.

பஸ்ஸுக்கு ஏன் ‘ஆன்’, ஆட்டோவுக்கு ஏன் ‘இன்’? ஒரு எளிய சோதனை சொல்கிறேன். அந்த வண்டிக்குள் நிமிர்ந்து நின்று நாலு அடி நடக்க முடியுமா? பஸ், மின்சார ரயில், மெட்ரோ, விமானம், கப்பல் எல்லாவற்றிலும் முடியும். இவற்றுக்கு ஏறும்போது ‘ஆன்’, இறங்கும்போது ‘ஆஃப்’. ஆட்டோ, கார், கால் டாக்ஸி எல்லாம் குனிந்து உள்ளே போய் உட்காருகிற வண்டிகள். இவற்றுக்கு ‘இன்’, திரும்ப வரும்போது ‘அவுட் ஆவ்’. ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் அது ‘இன்’தான், நடக்க இடமில்லையே. அப்புறம் காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிற சைக்கிள், பைக், குதிரை. அவற்றின் மேலேதான் உட்காருகிறோம், அதனால் ‘ஆன்’, ‘ஆஃப்’. பின்சீட்டிலிருந்து இறங்கும் தங்கையிடம் ‘கெட் ஆஃப் தி பைக் ஸ்லோலி’ என்று சொல்லலாம். லிஃப்டில் மட்டும் இரண்டு விதமாகவும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்டோவை விட்டு இறங்குவதை ‘கெட் அவுட் ஆவ் தி ஆட்டோ’ என்று சொல்லச் சொன்னால் எங்கள் மாடியில் எல்லோருமே தயங்கினார்கள். காரணம் எனக்குப் புரிந்தது. தமிழில் ‘கெட் அவுட்’ என்பது வசவு. மேலதிகாரி கோபத்தில் கதவைக் காட்டிச் சொல்வது. அந்தச் சொல்லை வாடிக்கையாளரிடமோ பெரியவர்களிடமோ சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் கூச வேண்டியது தனியாக நின்று கட்டளையாக வரும் ‘கெட் அவுட்!’ என்பதற்குத்தான். ‘ஐ காட் அவுட் ஆவ் தி ஆட்டோ நியர் தி ஸ்டேஷன்’ என்பதில் மரியாதைக் குறைவு ஒரு துளியும் இல்லை. ‘கெட் ஆஃப்!’ என்பதும் அப்படித்தான். தனியாக உரக்கச் சொன்னால் ‘கையை எடு, விலகு’ என்ற அதட்டல். பஸ்ஸோடும் நிறுத்தத்தோடும் சேர்த்துச் சொன்னால் வெறும் இறங்குதல்.

ஏறுவதில் ஒரு வார்த்தை. ‘ஐ க்ளைம்ப்ட் தி பஸ்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்கும் வெளியூர்க்காரருக்கு நீங்கள் பஸ்ஸின் கூரை மேல் ஏறியது போலத் தோன்றும். ‘காட் ஆன்’ போதும்.

இனி அந்த ரயில் பெட்டிக்கே திரும்புவோம். “கிண்டி இறங்குறீங்களா?” என்பதை ‘டூ யூ கெட் ஆஃப் அட் கிண்டி?’ என்று கேட்டால் இலக்கணம் சரி, பொருள் வேறு. அது ‘நீங்கள் தினமும் கிண்டியில் இறங்குகிறவரா?’ என்று வழக்கத்தைக் கேட்பது. இப்போது, இந்தப் பயணத்தில், இன்னும் இரண்டு நிமிடத்தில் இறங்கப்போகிறாரா என்று தெரிய வேண்டுமானால் ‘ஆர் யூ கெட்டிங் ஆஃப் அட் கிண்டி?’ தமிழில் ‘இறங்குறீங்களா’ என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் போதும், சூழ்நிலை மிச்சத்தைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த ‘-இங்’தான் இப்போதையது என்று காட்டுகிறது. பதில் சொல்லும்போதும் அதே: ‘யெஸ், ஐ ஆம் கெட்டிங் ஆஃப் ஹியர்’, அல்லது ‘நோ, ப்ளீஸ் கோ அஹெட்’. நமக்கே வழி வேண்டுமானால் ‘எக்ஸ்க்யூஸ் மீ, ஐ ஆம் கெட்டிங் ஆஃப் ஹியர்’. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் உலகத்தில் எந்த ஊர் ரயிலிலும் கதவு வரை போய்விடலாம்.

நடந்து முடிந்ததைச் சொல்ல ‘காட் ஆஃப்’. ‘ஐ காட் ஆஃப் ஒன் ஸ்டாப் அர்லி’ என்றால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். ‘ஷி காட் ஆஃப் அட் தி ராங் ஸ்டாப்’ என்றால் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். நிறுத்தத்தையே தவறவிட்டால் இந்தச் சொல் வேண்டாம், ‘ஐ மிஸ்ட் மை ஸ்டாப்’ என்பதே வழக்கு.

இறங்குவது தெரிந்தால் இறக்கிவிடுவதும் தெரிய வேண்டும். “என்னை சென்ட்ரலில் இறக்கி விடுங்க” என்பதற்கு ‘ட்ராப் மீ ஆஃப் அட் சென்ட்ரல்’. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘கெட்’டையும் ‘ஆஃப்’பையும் பிரித்து நடுவில் பஸ்ஸை வைக்க முடியாது. ‘கெட் தி பஸ் ஆஃப்’ என்பது இறங்குவதாகாது. ஆனால் ‘ட்ராப் ஆஃப்’ பிரியும். பெயராக இருந்தால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்: ‘ட்ராப் தி சில்ட்ரன் ஆஃப்’, ‘ட்ராப் ஆஃப் தி சில்ட்ரன்’ இரண்டும் சரி. ‘மீ’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்று பெயருக்குப் பதிலாக வரும் சொல்லாக இருந்தால் கண்டிப்பாக நடுவில்தான். ‘ட்ராப் ஆஃப் மீ’ என்று சொல்லவே கூடாது. கூட்டிக்கொண்டு போவதற்கான ‘பிக் அப்’பும் இதே குணம் உள்ளது: ‘பிக் மீ அப் அட் சிக்ஸ்.’

அப்படியானால் ‘கெட் டவுன்’ எதற்குத்தான் பயன்படும்? நிஜமாகவே உயரத்திலிருந்து கீழே வருவதற்கு. மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறீர்கள், மேல் பெர்த். விடியற்காலை தாம்பரம் வரும்போது கண் விழித்து, கம்பியைப் பிடித்து, கீழ் பெர்த்தில் தூங்கும் பெரியவரின் கால் மேல் மிதிக்காமல் கீழே வருகிறீர்கள். அது ‘கெட் டவுன்’. ‘ஐ காட் டவுன் ஃப்ரம் தி அப்பர் பெர்த்.’ இங்கே ‘ஃப்ரம்’ வேண்டும். பிறகு எழும்பூரில் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலை விட்டு இறங்குகிறீர்கள். அது ‘கெட் ஆஃப்’. ஒரே ஆள், ஒரே காலை, அரை மணி இடைவெளியில் இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில். ஏணி, மரம், மதில் சுவர் எல்லாம் ‘கெட் டவுன்’ பக்கம்தான்.

இன்னோர் இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஆச்சரியமாகக் கை கோத்துக்கொள்கின்றன. ‘வேலையில் இறங்கு’ என்கிறோமே, பேச்சை நிறுத்திவிட்டு மும்முரமாக ஆரம்பிப்பது, அதற்கு ஆங்கிலத்தில் ‘கெட் டவுன் டு வொர்க்’. இரண்டு மொழியிலும் வேலைக்குள் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் போகவில்லை.

‘கெட் ஆஃப்’புக்கு வேறு பொருள்களும் உண்டு. ‘ஐ கெட் ஆஃப் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு வேலை முடிகிறது. ‘கெட் ஆஃப் தி ஃபோன்’ என்றால் ஃபோனை வை. ‘ஹி காட் ஆஃப் லைட்லி’ என்றால் சின்ன தண்டனையோடு தப்பித்தான். இவை போதும் இப்போதைக்கு. ‘கெட் ஆஃப்’ முடிந்த உடனே ‘ஆன்’ அல்லது ‘வித்’ சேர்த்துச் சொல்லும் கொச்சை வழக்குகள் சில இருக்கின்றன. அவற்றின் பொருள் நாலு பேர் நடுவில் பேசுகிற மாதிரி இருக்காது. ஆரம்பத்தில் இருப்பவர்கள் ‘கெட் ஆஃப்’புக்குப் பிறகு வண்டியின் பெயர், அல்லது ‘அட்’ போட்டு ஊரின் பெயர், இந்த இரண்டோடு நின்றுகொள்வது பத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். அதே விருந்தினர் அடுத்த வாரம் மறுபடி வருகிறாராம், விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில். அவருக்கு அனுப்ப ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்: ‘கெட் ஆன் தி மெட்ரோ அட் தி ஏர்போர்ட். கெட் ஆஃப் அட் கிண்டி. கெட் இன் அன் ஆட்டோ அண்ட் ஷோ ஹிம் திஸ் அட்ரஸ். கெட் அவுட் அட் தி மெயின் கேட் அண்ட் கால் மீ. ஐ வில் கம் டவுன்.’

“கடைசில டவுன் போட்டிருக்கியேம்மா?” என்று கேட்டேன்.

“என் ஆபீஸ் நாலாவது மாடி, அங்கிள்.”